மிஸ்ஸி கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

டெங்கில் அரசாங்க கிளினிக்கிற்கு இனிப்புநீர், இரத்த அழுத்தம் பார்க்க வரும் நம் அம்மாக்களிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நெஞ்சு அடைக்குது, ராத்திரி தூக்கமில்ல, கை கால் குடைச்சல்" என்பார்கள். மனசு சரியில்லை என்று வாய்திறந்து சொல்பவர் அரிது.

இவர்களில் பலர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிய பேச்சு, மாடிப்படியோடு நின்றுபோனது.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. 2019இல் பெரியவர்களிடையே இது 2.3 விழுக்காடாக இருந்தது. இத்தனை பேரையும் மனநல நிபுணர்களே பார்ப்பது நடக்காத காரியம். அதனால்தான் சாதாரண கிளினிக் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் மனநலப் பயிற்சி தரும் திட்டத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கியது.

இதில் தாதியரின் இடம் பெரியது. மாதாமாதம் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்ப்பவர் அவர்தானே! கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா? ஆம் என்றால் ஒன்பது கேள்விப் படிவம், பிறகு மருத்துவர். உயிரை விடும் எண்ணம் உண்டா என்பதையும் நேராகவே கேட்கப் பயிற்சி சொல்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 2023இல் நம் நாட்டுச் சட்டமும் மாறிவிட்டது.

ஆனால் மொழி இடிக்கிறது. "சோர்வா இருக்கு" என்று நம்மவர் சொன்னால், மலாய்க்காரத் தாதிக்கு அது வெறும் 'பெனாட்' ஆகிவிடும். 'சூசா ஹாத்தி' என்று கேட்டால் தோட்டத்து அம்மாவுக்குச் சட்டென்று புரியும். இப்படிப்பட்ட சொற்களைப் பயிற்சியிலேயே பேசிப் பழக்க வேண்டும். திரையில் படம் காட்டி ஒரே நாளில் முடிக்கிற விஷயமல்ல இது.

மொழிபெயர்க்க மருமகளோ மகனோ கூடவே நிற்பதும் சிக்கல்தான். கவலையே வீட்டுக்குள் இருந்தால், அவர்கள் முன் அம்மா எப்படிச் சொல்வார்? கூட்டிப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் வெளியே உட்காருங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று முகப்பில் கேளுங்கள். கிளினிக்வரை போக மனம் வராதவர்கள் 15555 என்ற ஹீல் உதவி எண்ணை அழைக்கலாம்.