பெயர் தெரியாத குருநாதர்

'கேள்வி ஞானம்' என்ற சொல்லை நாம் இரண்டு விதமாய்ப் பிரயோகிக்கிறோம். "சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை, எல்லாம் கேள்வி ஞானந்தான்!" என்று ஒருவரை வியப்போம். பாட்டு ரஸிக்காவிட்டாலோ, "வெறும் கேள்வி ஞானம்" என்று அதே வார்த்தையைக் கொண்டு மட்டந் தட்டுவோம். பேஸ் கிடார் என்னும் மேனாட்டு வாத்தியத்தின் கதையைக் கேட்ட பிறகு, அந்த 'வெறும்' என்பதை நேயர்கள் அவ்வளவு சுலபமாய்ச் சொல்ல மாட்டார்கள்.

இது பழைய வாத்தியமல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லியோ பெண்டர் என்பவர் 1951-ல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன்பு, ஆள் உயரப் பெரும் பிடில் ஒன்றை நிறுத்தி வைத்துக் கொண்டு அணைத்தபடி வாசித்து வந்தார்கள். அதில் ஸ்வர ஸ்தானம் எங்கே என்று விரலுக்குத்தான் தெரிய வேண்டும். பெண்டரோ நமது வீணையைப் போல் மெட்டுக்கள் வைத்தார். விரல் வைத்த இடத்தில் ஸ்வரம் பிசகாது. (இவ்வளவும் செய்த பெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வேடிக்கை!) தந்திகள் நான்கே. ஒவ்வொன்றும் தனக்குக் கீழ்த் தந்தியின் ஸட்ஜத்துக்குச் சுத்த மத்தியமமாய்ச் சுருதி கூட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் கீழான தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. காதுக்கு எட்டுவதை விட நெஞ்சுக்கு எட்டுவதே அதிகம் என்னலாம்.

இங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. பாட்டைக் கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பாடகரைக் கேட்கிறோம். மிச்சமுள்ள கவனத்தை வயலினோ குழலோ பறித்துக் கொண்டு விடுகிறது. அடியில் நடப்பது, வீட்டின் அஸ்திவாரம் மாதிரி, கண்ணில் படுவதில்லை. அதை எடுத்துவிட்டால் மட்டும், "என்னமோ குறைகிறதே!" என்று தோன்றும். அப்படிப்பட்ட வாத்தியத்தைப் பாட்டைக் கேட்டே கற்பது எப்படி?

ஆனால் உலகத்தில் ஏராளமான பேர் அப்படித்தான் கற்றார்கள். அவர்களில் மிகப் பலருக்குக் குரு ஒருவரே. அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்ஸன்.

ஜேமர்ஸன் 1936-ல் தென் கரோலினாவில் எடிஸ்டோ என்ற தீவில் பிறந்த நீக்ரோ வகுப்பினர். இன்றைய மரியாதைச் சொல்லில் கறுப்பின அமெரிக்கர். சிறு பிள்ளையில், எறும்புப் புற்றில் ஒரு குச்சியை நட்டு, அதில் கட்டிய ரப்பரை மீட்டி, எறும்புகளை நாட்டியமாட வைக்கப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. எறும்புகள் ஆடினவோ இல்லையோ, பின்னால் உலகமே ஆடிற்று. 1954-ல் டெட்ராய்ட் நகரம் வந்து, பள்ளிக்கூடத்துப் பெரிய பேஸ் பிடிலில் பழகினார். 1959-ல் அந்நகரில் தோன்றிய மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி, ஒரு சாதாரண வீட்டிலே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது. அங்கே அடுத்த பத்தாண்டுகளில் பிறந்த பாட்டுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிக்குரல் கொடுத்தவர் ஜேமர்ஸனே. வலக் கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அத்தனையும் வாசித்தார். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். தடித்துப் பழசாகிப் போன அந்தத் தந்திகளின் மந்தமான நாதமே அவருக்கு இஷ்டம்.

பாடியவர் பெயர் தட்டில் இருந்தது. இயற்றியவர் பெயர் இருந்தது. ஜேமர்ஸன் பெயர் இல்லை. மார்வின் கே 1971-ல் வெளியிட்ட 'வாட்'ஸ் கோயிங் ஆன்' தொகுப்பின் உறையில்தான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் ஒழுங்காய் அச்சாயின. அதுவரையில் உலகெங்கும் இளைஞர்கள் தட்டில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து, ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் பாடங் கேட்டார்கள். ஏகலைவனுக்குத் துரோணரின் மண் பதுமையாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இங்கிலாந்திலே பீட்டில்ஸ் கோஷ்டியில் பேஸ் வாசித்த பால் மக்கார்ட்னியும் இந்த மாணாக்கர்களில் ஒருவர். ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரியாதவர். ஜேமர்ஸன் தமது ஆதர்ச புருஷர் என்றும், பெயர் மட்டும் வெகு காலம் தெரியாது என்றும் பிற்பாடு அவரே சொன்னார்.

கம்பெனி 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடி பெயர்ந்தது. ஜேமர்ஸனும் போனார், ஆனால் பழைய நாட்கள் திரும்பவில்லை. குடிப் பழக்கம் அவரைத் தின்றது. 1983-ல் கம்பெனியின் வெள்ளி விழாக் கச்சேரி நடந்தபோது, அவர் சீட்டு வாங்கிக் கொண்டு சபையில் ஒருவராய் உட்கார்ந்து பார்த்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர் கூறுகிறார். அதே வருஷம் ஆகஸ்டில், 47-வது வயதில் காலமானார். 1989-ல் அவருடைய வாசிப்பை ஸ்வரப் படுத்திய புஸ்தகம் வந்தது. நல்ல காரியந்தான். ஆயினும் விரல் எவ்வளவு அழுத்திற்று, தாளத்துக்கு எத்தனை நூலிழை முன் பின்னாக விழுந்தது என்பதெல்லாம் காகிதத்தில் ஏறுவதில்லை. அதற்கு இன்றும் காதைத்தான் தீட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டிலே இந்த வாத்தியத்தை வைத்துக் கொண்டு விழிக்கும் பிள்ளைகளுக்கு நாம் ஒன்று சொல்லலாம். முதலில் கையைக் கட்டிவிட்டு வாயைத் திறக்க வேண்டும். அடிக்குரலை முணுமுணுக்க வராதவரையில் தந்தியைத் தொட்டுப் பயனில்லை. கைத் தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த ஆழ்ந்த நாதத்தின் நிழல்தான் கேட்கும். காதில் மாட்டும் நல்ல கருவி அவசியம். பழைய நாளில் டேப்பைப் பாதி வேகத்தில் விட்டுப் பார்த்தார்கள். அதில் ஸ்வரங்கள் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்; பாதாளத்தில் இருப்பது அதல பாதாளத்துக்குப் போகும்! ஆகவே, கெட்டிக்காரர்கள் வேகத்தை இரட்டித்து, ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேட்டு, ஸ்வரத்தைப் பிடித்தார்கள். இன்று கம்ப்யூட்டர், சுருதியை மாற்றாமலே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. அடுத்தபடி, ஸட்ஜம் எது என்று தேட வேண்டும். அது கிடைத்தால் பஞ்சமம் பக்கத்துத் தந்தியில் இரண்டு மெட்டு மேலே. மேல் ஸட்ஜம் அதற்கும் அடுத்த தந்தியில், அதே மெட்டில். பாதிப் பாட்டு இந்த மூன்று ஸ்தானங்களுக்குள் அடங்கிவிடும்.

முதற் பாடத்துக்கு டெம்ப்டேஷன்ஸ் கோஷ்டியார் பாடி 1964-ன் கடைசியில் வெளியான 'மை கேர்ள்' என்ற பாட்டே தகுந்தது. ஆரம்பத்தில் ஜேமர்ஸனின் பேஸ் தன்னந் தனியே ஒலிக்கிறது. மறைக்க வேறு வாத்தியமில்லை. பிறகு நுழையும் கிடாரைக் கேட்டு நம் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனெனில் அது ஸரிகபதஸ என்று ஏறும் மோகன ஆரோகணம்! அதில் மயங்காமல் அடியில் நடப்பதையே பின்தொடர்ந்து போகத் தெரிந்துவிட்டால், ஸ்டீவி வொண்டர் பாடி 1968-ல் வெளியான 'பார் ஒன்ஸ் இன் மை லைப்' பக்கம் திரும்பலாம். அதில் ஜேமர்ஸன் ஓரிடத்தில் நிற்கிறதே இல்லை. முதல் இரண்டு அடிகளுக்கு ஒரு மாதம் பிடித்தாலும், பெற்றோர் கோபித்துக் கொள்ளக் கூடாது.