உங்களுக்குத் தெரியுமா? வட்டக்கானலின் சோலைக்கிளி

பழனி மலையிலுள்ள வட்டக்கானல் பாதையோரம் தத்தித் திரியும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை!

● பெயரில்தான் கிளி. உண்மையில் இது ஈப்பிடிப்பான் குடும்பம். சாம்பல் கலந்த கருநீல உடல், வெள்ளை வயிறு, நீண்ட கால்கள். விடியலிலும் அந்தியிலும் சோலையின் இருட்டில் அசையாமல் நின்று, சருகில் பூச்சி நெளிந்ததும் பாய்ந்து கொத்தும்.

● கணவாயின் அகலம் சுமார் 30 கி.மீ.தான். ஆனாலும் இப்பறவை குளிர்ந்த சோலையை விட்டு இறங்கி அதைக் கடப்பதில்லை. வடக்கே நீலகிரியில் வாழ்வது தனி இனம்.

● பழனி மலையில் இதைக் கண்டறிந்தவர் அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க். 1868இல் பிளான்ஃபோர்டு அறிவியல் பெயரிட்டார். மரபணு ஆய்வுக்குப் பின், 2017இல் ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினமே உருவானது.

● அதே சோலையில் பழனிச் சிரிப்பானும் உண்டு. இதுவும் தென்மலைகளுக்கே உரியது. தவிட்டுப்பழம் என்றால் கொள்ளைப் பிரியம்!

● சோலைக்கிளி முட்டையிடுவது கோடையில். மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ, பெரும்பாலும் இரண்டே முட்டைகள். சுற்றுலா சீசன் கூட்டமும் அப்போதுதான். ஆகவே படம் எடுக்க வேண்டி, செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள்.