காயில் ஸ்பிரிங்குக்கு நாலு கைகள்!

காட்டுப் பாதையில் ஒரு ஜீப் போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். திடீரென்று வண்டி நின்றுவிடுகிறது. என்ஜின் உறுமுகிறது, பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கும் ஒரு சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றுகிறது. தரையில் இருக்கும் மறுபக்கச் சக்கரம் அசையவே இல்லை. ஏன் தெரியுமா, குழந்தைகளே? இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி, இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். அதனால் அடுத்ததற்கும் அந்தக் கொஞ்சமே கிடைக்கிறது!

ஆகவே மேடு பள்ளத்தில் ஓடும் வண்டியை வடிவமைப்பவரின் முதல் கவலை, சக்கரம் தரையை விடக் கூடாது என்பதுதான். சொகுசெல்லாம் அப்புறம்.

நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்சக்கரத்துக்கு அருகே, பெரியவர் துணையோடு, குனிந்து பாருங்கள். வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருக்கும். இது பட்டை ஸ்பிரிங். அந்தக் கால வில்வண்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்த வில்லும் இதுவே. பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. நம்பகமான வேலைக்காரர்தான்! ஆனால் கொஞ்சம் முரட்டு ஆள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் எளிதில் வளைந்து கொடுக்காது.

சரி, பட்டையை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் என்ற சுருள் வில்லை வைத்துவிடலாமா? ஒரு சோதனை செய்யுங்கள். எழுதித் தீர்ந்த இரண்டு பால்பாயின்ட் பேனாக்களின் ஸ்பிரிங்குகளை எடுங்கள். ஒரு பென்சிலைக் கிடையாக வைத்து, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஸ்பிரிங்கை நிறுத்தி, மேலே ஓர் அட்டையை வைத்து அழுத்துங்கள். என்ன ஆகிறது? பென்சில் முன்னே ஓடும், பக்கவாட்டில் நழுவும், கோணலாகத் திரும்பும். காயில் ஸ்பிரிங்குக்குத் தாங்கத் தெரியும்; பிடித்துக்கொள்ளத் தெரியாது. அதற்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகள்தான் லிங்க் எனப்படும் இரும்புக் கம்பிகள். ஒரு முனை வண்டியின் சட்டத்திலும், மறுமுனை ஆக்சிலிலும், ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும்.

எத்தனை கம்பி வேண்டும்? இதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. எந்தப் பொருளும் ஆறு விதமாகத்தான் அசைய முடியும்: மேல் கீழாக, முன் பின்னாக, இட வலமாக, இவை தவிர மூன்று விதமான சுழற்சிகள். ஆக்சிலுக்கு நாம் இரண்டை மட்டும் அனுமதிக்க வேண்டும். அது மேலும் கீழும் போகலாம். ஒரு முனை ஏற, மறுமுனை இறங்கலாம். மற்ற நான்கையும் தடுக்க வேண்டும். ஒரு கம்பி ஓர் அசைவைத்தான் தடுக்கும். ஆக, நான்கு கம்பிகள்!

கீழே இரண்டு, மேலே இரண்டு என்று பொருத்துவது ஒரு முறை. மேலே உள்ள இரண்டையும் கூரை போலச் சாய்த்து வைத்தால் அவையே பக்கவாட்டு நழுவலையும் தடுத்துவிடும். மேலும் கீழும் ஏன் வைக்க வேண்டும்? என்ஜின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது ஆக்சிலின் கூடு பின்னோக்கித் திருகப் பார்க்கும். மேலும் கீழுமாகப் பிடித்தால்தான் அந்தத் திருகல் அடங்கும்.

கம்பியின் நீளம் மிக முக்கியம். கம்பியின் முனை நேராக ஏறாது. கவராயத்தின் பென்சில் போல வட்ட வில்லில்தான் போகும். எட்டாம் வகுப்புக்காரர்கள் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். கிடையாக இருக்கும் 40 செ.மீ. கம்பியின் முனை 20 செ.மீ. ஏறினால், அது சுமார் 5.4 செ.மீ. உள்ளே இழுக்கப்படும். கம்பி 80 செ.மீ. என்றால் இழுப்பு 2.5 செ.மீ.தான். அதனால்தான் இடம் கிடைத்தவரை கம்பியை நீளமாக வைக்கிறார்கள்.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ பாரம் இருக்கட்டும். 1 செ.மீ. அமுங்க 40 கிலோ கேட்கும் கெட்டியான ஸ்பிரிங் 10 செ.மீ. அமுங்கி நிற்கும். 20 கிலோ போதும் என்கிற மெதுவான ஸ்பிரிங்கோ 20 செ.மீ. அமுங்கும். இப்போது சக்கரம் 12 செ.மீ. பள்ளத்தில் இறங்குகிறது, வண்டி சாயவில்லை என்று வைத்துக்கொள்வோம். கெட்டி ஸ்பிரிங் 10 செ.மீ. விரிந்ததுமே ஓய்ந்துபோகும். வண்டியின் பாரம் அந்தச் சக்கரத்துக்குத் துளியும் போய்ச் சேராது. மெதுவான ஸ்பிரிங்கில் இன்னும் 8 செ.மீ. அமுக்கம் மீதி இருக்கும். அதாவது 160 கிலோ பாரத்தோடு சக்கரம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்!

ரொம்ப மெதுவாக வைத்தால் வளைவில் வண்டி தொட்டில் போல ஆடும். ஆகவே அளவு பார்த்துத்தான் செய்ய வேண்டும். கம்பியின் தடிமனை 10 மி.மீ.யிலிருந்து 11 மி.மீ. ஆக்கினாலே ஸ்பிரிங் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கெட்டியாகிவிடும். இன்னொரு வேடிக்கை: ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் மெதுவாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, இரண்டு மடங்கு கெட்டியாகும். பேனா ஸ்பிரிங்கை வெட்டி அழுத்திப் பாருங்கள், தெரியும். (ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதைப் பற்றிச் சொல்லத் தனிக் கட்டுரையே வேண்டும்!)

இங்கிலாந்தில் 1948-இல் வந்த லேண்ட் ரோவர் வண்டிக்குப் பட்டை ஸ்பிரிங்தான். உழைப்பாளி வண்டி, உட்கார்ந்தவர் இடுப்புக்குத்தான் சோதனை. அதே நிறுவனத்தின் பொறியாளர் ஸ்பென் கிங் தம் குழுவோடு வேறு மாதிரி யோசித்தார். 1970-இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் நீண்ட காயில் ஸ்பிரிங்குகளை வைத்தார்கள். முன் ஆக்சிலைப் பிடிக்க இரண்டு கைகளும், பக்கவாட்டு நழுவலைத் தடுக்க பான்ஹார்ட் ராடு என்ற குறுக்குக் கம்பியும் இருந்தன. பின்னால், கீழே இரண்டு கம்பிகள். மேலே 'ஏ' எழுத்து வடிவில் ஒரு சட்டம். அந்த 'ஏ' சட்டம் இரண்டு கம்பிகளின் வேலையைப் பார்க்கும். எண்ணிப் பாருங்கள், நம் கணக்கு நான்கு வருகிறதா? பழைய லேண்ட் ரோவரின் வாரிசுக்கும் 1983-இல் காயில் ஸ்பிரிங் வந்தது.

இந்த வண்டிக்குப் பெரிய பரீட்சை 1971-இன் கடைசியில் தொடங்கியது. ஜான் பிளாஷ்ஃபர்ட்-ஸ்நெல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் தலைமையில் இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடிக்குப் புறப்பட்டன. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் டேரியன் என்ற சதுப்புக் காடு இருக்கிறது. அங்கே வண்டி போகும் சாலை இன்றுவரை கிடையாது. அந்தக் காட்டைக் கடக்க மட்டும் சுமார் நூறு நாட்கள் பிடித்தன. சேற்றில் புதையாமல் இருக்கட்டும் என்று பெரிய டயர்களை மாட்டியிருந்தார்கள். சக்கரம் பெரிதானால் அதைச் சுற்ற அதிக முறுக்கு விசை வேண்டும் அல்லவா? அந்தச் சுமை தாங்காமல் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன! புதுப் பாகங்கள் வந்த பிறகே வண்டிகள் மேலே போக முடிந்தது. 1972 ஜூனில் இரண்டும் தென்கோடியை எட்டின.