சைவ சாசேஜில் என்னதான் இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை காலை, என் ஒன்பது வயது மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே எனக்குப் பன்னி சாசேஜ் வேண்டாம்ப்பா, சைவம்தான்" என்றாள். முந்தின நாள் பள்ளியிலிருந்து பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அதன் விளைவு. நாங்கள் இருக்கும் இங்கிலாந்தில் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. எந்த சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசரைத் திறந்தாலும் சைவ சாசேஜ் வரிசையாக இருக்கும். மனைவி கேட்ட கேள்விதான் சிக்கல்: "வளர்ற பிள்ளைங்க. அதுல சத்து இருக்கா, இல்ல வெறும் உப்பும் எண்ணெயுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது முக்கால் மணி நேரம் நின்று பாக்கெட்டுகளின் முதுகைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளும், வீட்டுக்கு வந்து தேடிப் படித்தவையும்தான் இந்தப் பதிவு.

முதலில், எதோடு ஒப்பிடுகிறோம்?

பிரிட்டனில் 'பன்றி சாசேஜ்' என்று பெயர் போட்டு விற்க, அதில் குறைந்தது 42% பன்றி இறைச்சி இருந்தால் போதும் என்பது சட்டம். மிச்சமெல்லாம் ரஸ்க் தூள், தண்ணீர், உப்பு, மசாலா. நல்ல தரமான சாசேஜில் இறைச்சி இதைவிட அதிகம் இருக்கும்தான். நான் பார்த்த பாக்கெட்டுகளில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 12 முதல் 16 கிராம், கொழுப்பு 20 கிராமை ஒட்டி, உப்பு ஒரு கிராமுக்கு மேல். ஆக, ஒப்பீட்டின் மறுபக்கத்தில் நிற்பது நல்ல இறைச்சித் துண்டு இல்லை, அதுவும் ஆலையில் பிசைந்து செய்த பண்டம்தான்.

இறைச்சி இல்லாத சாசேஜும் இன்று நேற்று வந்ததில்லை. பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் அதிபரான கொன்ராட் அடனாவர், முதல் உலகப் போர்க் காலத்தில் கொலோன் நகர நிர்வாகத்தில் இருந்தபோது, இறைச்சிப் பஞ்சத்துக்காக சோயா சாசேஜ் ஒன்றைச் செய்தார். இறைச்சி இல்லாததைச் சாசேஜ் என்று சொல்லக் கூடாது என்று ஜெர்மனி காப்புரிமை மறுத்தது. 1918-ல் காப்புரிமை கொடுத்தது எதிரி நாடான பிரிட்டன்!

ஒரே பெயர், நான்கு குடும்பம்

'சைவ சாசேஜ்' என்று ஒரு பொருள் கிடையாது. நான் பார்த்தவரை நான்கு குடும்பம் இருக்கிறது.

ஒன்று, சோயாவும் கோதுமைப் புரதமும் சேர்த்தது. 100 கிராமுக்குப் புரதம் 15 கிராம் அளவுக்கு வரும்.

இரண்டு, பட்டாணிப் புரதத்தில் செய்தது. அச்சு அசல் இறைச்சி மாதிரி இருக்க வேண்டும் என்று புதிதாக வருபவை பெரும்பாலும் இந்த வகை. புரதம் நன்றாக இருக்கும். ஆனால் வாணலியில் கொழுப்பு உருகி ஓட வேண்டும் என்பதற்காகத் தேங்காய் எண்ணெய் சேர்ப்பார்கள்.

மூன்று, பூஞ்சைப் புரதம். பிரிட்டனில் 1985 முதல் விற்பனையில் இருக்கும் குவார்ன் இந்த வகை. மூலப்பொருளான பூஞ்சைப் புரதத்தில் 100 கிராமுக்குப் புரதம் 11 கிராம், நார்ச்சத்து 6 கிராம். சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள், முட்டையும் சாப்பிடாதவர்கள் பார்த்து வாங்கணும்.

நான்கு, வெறும் காய்கறி சாசேஜ். உருளை, கேரட், பட்டாணி, ரொட்டித் தூள். பார்த்தால் இதுதான் ரொம்ப ஆரோக்கியமாகத் தெரியும், காய்கறித் துண்டு கண்ணுக்கே தெரிகிறது. நானும் இதைத்தான் முதலில் கூடையில் போட்டேன். பின்பக்கம் பார்த்தால் புரதம் 4 கிராம்! வயிறு நிறையும், ஆனால் இது சாசேஜ் வடிவில் இருக்கும் உருளைக்கிழங்கு போண்டா.

7 முதல் 10 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 28.3 கிராம் புரதம் என்பது பிரிட்டன் பரிந்துரை. ஐம்பது கிராம் சாசேஜ் இரண்டு என்று வைத்துக்கொண்டால், முதல் வகையில் பாதிக்கு மேல் காலையிலேயே வந்துவிடும். நான்காவதில் ஏழில் ஒரு பங்கு.

புரதத்தின் அளவோடு தரமும் இருக்கிறது. சோயா, பூஞ்சைப் புரதம் இரண்டும் தரத்தில் கிட்டத்தட்ட பால், முட்டை வரிசையில் வரும். கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பக்கத்தில் பீன்ஸ் இருந்தால் அது ஈடுகட்டிவிடும், பருப்பு வகைகளில் லைசின் தாராளம். நம்ம இட்லியில் அரிசிக்கு உளுந்து செய்யும் அதே வேலை.

கொழுப்பும் உப்பும்

கொழுப்பில் சைவ சாசேஜ் பொதுவாக ஜெயிக்கிறது. சூரியகாந்தி அல்லது ரேப்சீட் எண்ணெயில் செய்ததில் நிறைவுற்ற கொழுப்பு ரொம்பக் குறைவு. தேங்காய் எண்ணெய் இருந்தால் கதை மாறும், அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். இங்கே பாக்கெட் முகப்பில் ட்ராஃபிக் லைட் நிறங்கள் போடுகிறார்கள்: 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. 'தாவரம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் இந்த நிறத்தைப் பாருங்கள்.

உப்புதான் என்னை யோசிக்க வைத்தது. நாங்கள் வாங்கியதில் 100 கிராமுக்கு 1.2 கிராம். முகப்பில் வெறும் மஞ்சள்தான், ஏனென்றால் 1.5-ஐத் தாண்டினால்தான் சிவப்பு. ஆனால் குழந்தையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவள் வயதுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 5 கிராம். இரண்டு சாசேஜ் 1.2, கால் டப்பா பேக்டு பீன்ஸ் சுமார் 0.6, ஒரு டோஸ்ட் 0.4. கெட்சப் இல்லாமலே 2.2 கிராம். மணி காலை எட்டரை, அன்றைய உப்பில் பாதி நெருங்கிவிட்டது. பன்றி சாசேஜிலும் இதே கதைதான் என்பது வேறு விஷயம்.

இரும்பும் பி12-ம்

மனைவியின் பயம் பெரும்பாலும் இரும்புச்சத்து பற்றி. உண்மையில் பன்றி சாசேஜிலேயே இரும்பு 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். அவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 8.7 மில்லிகிராம். ஆக, சாசேஜை விட்டதால் மட்டும் பெரிதாக இழக்கவில்லை. தாவர இரும்பு உடம்பில் சேர்வது குறைவு என்பது உண்மை. தக்காளியோ ஆரஞ்சோ கூட இருந்தால் கூடுதலாகச் சேரும், டீ அதைத் தடுக்கும்.

பி12 தாவரத்தில் கிடையாது. தனியாகச் சேர்த்திருந்தால் லேபிளில் இருக்கும், பல பாக்கெட்டுகளில் இல்லை. எங்கள் வீட்டில் பால் உண்டு, ஒரு டம்ளரிலேயே அவள் நாள் தேவையான 1 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. பாலும் முட்டையும் வேண்டாம் என்பவர்கள் இதை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது.

சரி, மாறலாமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல், பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடுகிறது என்று அறிவித்தது. இது இருக்கிற அபாயத்தின் மேல் கூடும் 18%; நூறில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 36 பேரை வைத்து எட்டு வாரம் இறைச்சி, எட்டு வாரம் தாவர இறைச்சி என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, தாவரப் பக்கத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறைந்தது. 2020-ல் வந்த அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தாவர இறைச்சி செய்யும் பியாண்ட் மீட் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்கணும். தவிர, அது இறைச்சியோடுதான் ஒப்பிட்டது, சுண்டலோடு இல்லை.

எங்கள் வீட்டு முடிவு இது: வாரக் கடைசியில் சோயா அல்லது பூஞ்சைப் புரத சாசேஜ் இரண்டு, வறுத்த தக்காளி, உப்பு குறைத்த பீன்ஸ். கடையில் நான் பார்ப்பது மூன்றே எண்: 100 கிராமில் புரதம் 10-க்கு மேல், நிறைவுற்ற கொழுப்பு 2-க்குக் கீழ், உப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. மற்ற நாளில் தோசை, முட்டை, பயறு. கெட்சப் விஷயத்தில் மட்டும் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.