நண்பரோடு காலார நடந்தால்...

புதுவையைக் காண வருவோருள் பெரும்பாலோர், கடற்கரையை ஒட்டிய நான்கைந்து வீதிகளில் மஞ்சள் நிறச் சுவர்களின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஊரை இரு கூறாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயும் ஓர் ஊர் உண்டு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது! கால்களை நம்பி, உடன் ஒரு நண்பரையும் அழைத்துக்கொண்டு நடப்பவர்க்கே இந்நகர் தன்னை முழுவதும் காட்டும் என்பது நம் எண்ணம்.

நமக்கு அத்தகைய நண்பர் ஒருவர் வாய்த்திருக்கிறார். சைவ நெறியினர், பழைய நூல்களில் தோய்ந்தவர். ஞாயிறு மாலைகளில் மிஷன் வீதியில் பேராலய வாயிலில் சந்திப்போம். அமலோற்பவ அன்னையின் பெயரால் விளங்கும் இப்பேராலயத்தை மக்கள் சம்பாக் கோவில் என்றே அழைப்பர். முன்னர் இங்கிருந்த சேசு சபையாரின் புனித பவுல் ஆலயத்தின் பெயர் நாவில் தேய்ந்து 'சம்பா' ஆயிற்று என்பர். வாய்க்காலுக்குக் கிழக்கே, டூமா வீதியில் 1855-இல் எழுந்த வானதூதர்களின் அன்னை ஆலயம், கப்புச்சின் துறவியரின் நினைவால் 'கப்ஸ் கோவில்' ஆயிற்று. பெயர் சூட்டுவதில் நம் மக்களை எந்த ஆளுநரும் வென்றதில்லை!

ஒருநாள் அவ்வாயிலில் நின்றபோது, நண்பர் தயங்கித் தயங்கி ஒரு செய்தியை எடுத்தார். புனித பவுல் ஆலயத்தை அடுத்து அந்நாளில் வேதபுரீசுவரர் கோவில் இருந்தது. 1748 செப்டம்பரில், டூப்ளே ஆளுநராயிருந்த காலத்தில், அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. குருக்களும் அதில் முன்னின்றனர். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதனை வேதனையோடு பதிந்து வைத்துள்ளார். நமக்கு இது இனிய செய்தியன்று. ஆயினும் கேட்டாக வேண்டிய செய்தி. பதின்மூன்று ஆண்டுகளில், 1761-இல், ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிப் பாழாக்கியபோது புனித பவுல் ஆலயமும் வீழ்ந்தது. இன்றைய பேராலயம் நிறைவுற்றது 1791-இல். ஈசுவரன் கோவிலும் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. இதைச் சொல்லி முடித்த நண்பர், உங்கள் மனம் புண்பட்டதோ என வினவினார். கேட்க வேண்டியவர்கள் நாமல்லவா என்றோம். அப்பால் நெடுநேரம் இருவரும் பேசாமலே நடந்தோம்.

திண்ணைகள் நிறைந்த தமிழர் வீதிகளின் வழியே சென்றால், ஈசுவரன் தர்மராசா கோவில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லத்தைக் காணலாம். 1908 முதல் 1918 வரை அவர்க்குப் புதுவையே புகலிடம். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் பின்தொடர, மாலை வேளைகளில் கடற்கரை மணலில் இந்நண்பர்கள் கூடிப் பேசியதைக் கண்டோர் எழுதி வைத்துள்ளனர். அவர்களுக்கு உலாவ வாய்த்தது இச்சிறு ஊரின் எல்லை மட்டுமே. 1918 நவம்பரில் எல்லையைக் கடந்த உடனேயே பாரதியார் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். மனம் போன போக்கில் நடக்க முடிவது எத்துணை பெரிய பேறு என்பது நமக்கு எங்கே தெரிகிறது?

அம்மணலும் பின்னாளில் மறைந்தது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின், அலைகள் வடபுறக் கரையை அரித்துத் தின்றன. கருங்கற்களைக் கொட்டியே கரையைக் காக்க வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளில், கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததன் பயனாக, ஒரு பகுதியில் மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. அதில் சிறுவர்கள் ஓடுவதைப் பார்த்தாலே நண்பருக்கு முகம் மலர்ந்துவிடும்.

மாலையில் கடற்கரைச் சாலையில் ஊர்திகளை விடுவதில்லை. செஞ்சியிலிருந்து வந்த உயர்ந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகளின் சிலையினின்று தெற்கே நடந்தால் டூப்ளேயின் சிலை. அதனருகே அமர்ந்து, ஒரு பொட்டலம் சுண்டலை இருவரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். டூப்ளேக்கு மட்டும் பங்கு கிடையாது என்பார் நண்பர்.