கருமுட்டையின் கதவைத் தட்டிய விஞ்ஞானி!

ஒரு கருமுட்டையைச் சுற்றி எத்தனையோ விந்தணுக்கள் முட்டி மோதுகின்றன. பொதுவாக உள்ளே இடம் கிடைப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். இரண்டாவதாக இன்னொன்றும் நுழைந்துவிட்டால் குரோமோசோம்களின் கணக்கே தப்பிப்போகும். கரு பெரும்பாலும் பிழைக்காது. அப்படியானால், முதல் விந்தணு வந்த மறுகணமே கதவைச் சாத்துவது யார்?

'முட்டைதான்' என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதனை மூலம் காட்டியவர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். அமெரிக்காவின் கறுப்பின உயிரியலாளர். முட்டையின் கதவு எப்படி மூடுகிறது என்று உலகுக்குச் சொன்னவருக்கு, சொந்த நாட்டில் பல கதவுகள் கடைசிவரை திறக்கவே இல்லை.

அம்மா போட்ட பாதை

1883-ல் தெற்கு கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார் ஜஸ்ட். நான்கு வயதில் அப்பாவை இழந்தார். அம்மா மேரி, பள்ளி ஆசிரியை. சம்பளம் போதாமல் பாஸ்பேட் சுரங்கத்திலும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகனின் படிப்புக்கு உள்ளூர்ப் பள்ளிகள் போதாது என்று வடக்கே நியூ ஹாம்ப்ஷயருக்கு அனுப்பிவைத்தார். மகன் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே அம்மாவும் காலமானார்.

ஆனாலும் படிப்பை விடவில்லை ஜஸ்ட். 1907-ல் டார்ட்மத் கல்லூரியில் உயர் தகுதியோடு பட்டம் பெற்றார். வெள்ளையர்களின் பல்கலைக்கழகங்களில் ஒரு கறுப்பினத்தவர் பேராசிரியராவது நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. வாஷிங்டனில், கறுப்பின மாணவர்கள் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

இரவில் ஒரு வேட்டை

1909 முதல் அவருடைய கோடை விடுமுறைகள் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் கழிந்தன. அங்கே பேராசிரியர் ஃபிராங்க் லில்லி அவருக்கு வழிகாட்டினார். நெரீஸ் என்ற கடல் புழு, இருட்டிய பிறகு முட்டையிட நீரின் மேற்பரப்புக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பிடித்து வந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் கருவுற வைத்து, நுண்ணோக்கியில் கண் பதித்திருப்பார் ஜஸ்ட்.

முட்டை இரண்டாகப் பிளக்கும்போது அந்தப் பிளவு எங்கே விழும் என்பது, விந்தணு நுழைந்த இடத்தோடு தொடர்புடையது என்று 1912-ல் எழுதினார். அதுவே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை. 1916-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

அடுத்து, சாண்ட் டாலர் எனப்படும் தட்டையான கடல் உயிரியின் முட்டையை ஆராய்ந்தார். விந்தணு தொட்ட புள்ளியில் தொடங்கும் ஒரு மாற்றம், அலைபோல முட்டையின் மேற்பரப்பு முழுக்கப் பரவியது. அதன் பிறகே முட்டையைச் சுற்றிய சவ்வு மேலெழும்பியது. ஆனால், சவ்வு எழும்புவதற்கு முன்பே இன்னொரு விந்தணு நுழைய முடியாத நிலை வந்துவிட்டது!

முட்டை சும்மா இருப்பதில்லை

விந்தணு சுறுசுறுப்பானது, முட்டை சும்மா காத்திருப்பது என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. ரசாயனங்களைக் கொண்டே முட்டையை வளரத் தூண்டலாம் என்று காட்டிப் புகழ்பெற்றிருந்தார் ஜாக் லோப். வளர்வதற்கான திறன் முட்டைக்குள்ளேயே இருக்கிறது, விந்தணுவோ ரசாயனமோ அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான் என்று வாதிட்டார் ஜஸ்ட். செல்லின் மேற்பரப்பு வெறும் உறை அல்ல, உயிர்ப்போடு இயங்கும் பகுதி என்பது அவருடைய முக்கியமான முடிவு.

சோதனைக்கு எடுக்கும் முட்டைகளைக் குழந்தையைப்போலக் கவனமாகக் கையாண்டவர் அவர். கிண்ணத்தில் துளி அழுக்கு இருந்தாலும், நீரின் சூடு சற்றே மாறினாலும் முடிவு தவறாகிவிடும் என்பார். அந்தக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ள மற்ற ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆனாலும், பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

கடல் கடந்து...

1929-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் நிறுவனம் அழைத்தது. நிறம் பார்க்காத மரியாதையை அங்கே கண்டார். அதுவும் நீடிக்கவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வர, ஜெர்மனியை விட்டுப் பிரான்ஸுக்கு மாறினார். 1939-ல் செல்லின் மேற்பரப்பு பற்றிய அவருடைய முக்கியமான நூல் வெளியானது. 1940-ல் நாஜிப் படை பிரான்ஸுக்குள் புகுந்தபோது சிறிது காலம் சிறைவைக்கப்பட்டார். விடுதலையாகி அமெரிக்கா திரும்பியவர், 1941 அக்டோபரில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 58.

1970-களில், கருவுறும் நொடியில் முட்டையின் சவ்வில் மின்னழுத்தம் மாறுவதையும், முட்டைக்குள் கால்சியம் அலையாகப் பரவுவதையும் கருவிகள் பதிவுசெய்தன. நுண்ணோக்கியையும் பொறுமையையும் மட்டுமே வைத்துக்கொண்டு ஜஸ்ட் பார்த்தது சரிதான் என்று தெரிந்தது. 1996-ல் அவருடைய படத்தோடு தபால்தலை வெளியிட்டது அமெரிக்கா. அப்போது அவர் மறைந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.