மெழுகுக் கட்டிக்குள் ஒரு பூஞ்சை

காலில் முள் தைத்து ஆறிப்போன இடத்தில், பல மாதங்கள் கழித்து வலியில்லாத முடிச்சு ஒன்று எழும்பும். அது மெல்லப் பரவிப் பாதம் வீங்கும். தோலில் அங்கங்கே கண் வைத்து, சீழோடு மணல் போன்ற சிறு மணிகள் வெளியே வரும். மணிகள் கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கலாம். மைசெட்டோமா எனப்படும் இந்த நோயை மதுரைப் பட்டாளத்து மருந்தகத்தில் பணியாற்றிய கில் 1842இல் பதிவு செய்தார். அதே மதுரையில் கோல்புரூக் 1846இல் ‘மதுராக் கால்’ என்ற பெயரை எழுத்தில் ஏற்றினார். பம்பாயில் இருந்த வாண்டைக் கார்ட்டர் 1860இல் இதற்கு மைசெட்டோமா என்று பெயரிட்டு, பூஞ்சையால் வருவது என்று வாதாடினார். 1874இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மதுரையின் பெயர் இன்று இரண்டு கிருமிகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் ஒரு பூஞ்சை. ஆக்டினோமதுரா மதுரே ஒரு பாக்டீரியா.

போடிநாயக்கனூர் அந்தப் பழைய மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரம். அந்த ஊர் இப்போது இருக்கும் தேனி தனி மாவட்டமானது 1990களின் பிற்பகுதியில்தான். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் முடியும் இடத்தில் நிலமே வேறாகிவிடுகிறது. கீழே மழைமறைவுப் பூமி, உடைமுள்ளும் கருவேலும் காய்ந்த மண்ணும். மேலே நிழல் மரங்களுக்கு அடியில் ஈரம் காயாத ஏலத்தோட்டங்கள். விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்குப் போய், மாலையில் ஊர் திரும்பும் தொழிலாளர்கள் இரண்டு மண்ணையும் மிதிக்கிறார்கள். ஏலச்செடியின் சரம் அடித்தூரில் தரையோடு படர்வதால், காய் எடுப்பவர்கள் குனிந்தும் குந்தியும் மட்கிய இலைக்குள் கை விடவேண்டியிருக்கிறது.

இப்படி இரண்டு மண்ணையும் மிதிப்பது நோயைக் கணிப்பதில் குழப்பத்தைக் கூட்டும். மைசெட்டோமா வறண்ட முள்நிலத்தின் நோய். குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்ற இன்னொரு தோல் பூஞ்சை நோய் மழைவளம் மிக்க கேரளத்தில் பதிவானது. கால் தோல் தடித்துச் சொரசொரப்பாகும் இந்த நோய் பார்வைக்குத் தோல் காசநோய் போலவே இருக்கும். ஆகவே ஒரு தோட்டத் தொழிலாளியின் கால் புண்ணுக்கு அவருடைய ஊரை மட்டும் கேட்டு விடை சொல்ல முடியாது.

விடை சரியாக இருந்தாகவேண்டும். மைசெட்டோமா பாக்டீரியாவால் வந்ததென்றால் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகளில் பெரும்பாலும் கட்டுப்படும். தமிழ்நாட்டில் இந்த வகை நிறையப் பதிவாகியிருக்கிறது. பூஞ்சையால் வந்ததென்றால் அந்த மருந்துகளால் பயனில்லை. இட்ராகொனசோலை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தரவேண்டும், கூடவே அறுவை சிகிச்சையும் தேவைப்படும். பூஞ்சை என்று தெரிந்த பிறகும் எந்தப் பூஞ்சை என்ற கேள்வி நிற்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ், ஃபியூசேரியம், செடோஸ்போரியம் மூன்றும் திசுவுக்குள் ஒரே மாதிரி கிளைவிட்ட இழைகளாகத்தான் தெரியும். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கேட்கும் ஆம்போடெரிசின் மருந்து செடோஸ்போரியத்துக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை.

பூஞ்சையை அடையாளம் காணும் பழைய வழி, அதை ஆய்வகத்தில் வளர்ப்பது. மதுரெல்லா வளர வாரக்கணக்காகும்; வளர்ந்தாலும் வித்து விடாமல் வெறும் இழையாகவே நின்றுவிடுவது வழக்கம், அதை வைத்து இனம் சொல்வது கடினம். நடைமுறையில் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அறுவை அரங்கில் வெட்டியெடுத்த சதை முழுவதும் நேராக ஃபார்மலின் புட்டிக்குள் போய்விடுகிறது. புற்றோ, காசநோயோ என்ற சந்தேகத்தில் எடுக்கப்படும் சதையில் பூஞ்சை இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஃபார்மலின் பட்ட பூஞ்சை செத்துவிடும், அதன் பிறகு வளர்க்க வழியில்லை. சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பூஞ்சை தெரியும்போது கையில் மிஞ்சியிருப்பது பாரஃபின் மெழுகில் பதித்த சிறு கட்டி மட்டும்தான். ஆய்வகங்களில் அதை ‘பிளாக்’ என்பார்கள். அந்தக் கட்டியிலிருந்து பூஞ்சையின் மரபணுவைப் பிரித்துப் படிப்பதே மூலக்கூறு நோயறிதல்.

சொல்வதற்கு எளிது. மைக்ரோடோம் கருவியில் கட்டியைச் சீவி, காற்றுப்பட்ட முதல் சில சீவல்களை ஒதுக்கிவிட்டு, அடுத்து வரும் 5 முதல் 10 மைக்ரான் தடிமனுள்ள சீவல்களைக் குழாயில் சேர்ப்பார்கள். சைலீன் மெழுகைக் கரைக்கும், ஆல்கஹால் சைலீனைக் கழுவும். புரோட்டீனேஸ் கே என்னும் நொதி இரவு முழுக்கப் புரதத்தைச் செரிக்கும். ஃபார்மலின் மரபணுவில் போட்ட முடிச்சுகள் அவிழ, பிறகு நன்றாகச் சூடாக்குவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கும் டி.என்.ஏ. நெடுநாள் வெயிலில் கிடந்த நூல் போல இற்றுத் துண்டு துண்டாகத்தான் இருக்கும். பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக 2012இல் முன்மொழியப்பட்ட ஐ.டி.எஸ். பகுதி ஏறத்தாழ 500 முதல் 700 எழுத்து நீளம். பழைய கட்டிகளில் 200, 300 எழுத்துக்கு மேல் அறுபடாமல் கிடைப்பது அபூர்வம். அதனால் அந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்து, ஏதாவது ஒரு பாதியை மட்டும் பி.சி.ஆரில் பெருக்கிப் படிக்கிறார்கள். கறுப்பு மணிகளில் உள்ள மெலனின் நிறமி பி.சி.ஆரையே முடக்கக்கூடியது. நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தால் தொல்லை இன்னும் அதிகம்: எலும்பைச் சீவுவதற்காக அமிலத்தில் ஊறவைத்தால் டி.என்.ஏ. பாழாகிவிடும். ஈ.டி.டி.ஏ. கரைசல் மெதுவாக வேலை செய்யும், ஆனால் மரபணுவைக் காப்பாற்றும். அவசரத்தில் அமிலத்தையே எடுக்கும் பழக்கம் இந்தச் சோதனைக்கு நல்லதல்ல.

இந்தச் சோதனையில் ஏமாற்றமும் உண்டு. பூஞ்சை வித்து காற்றில் எங்கும் மிதக்கிறது. கையுறையிலும் கத்தியிலும் ஒட்டும், மெழுகிலும் கலக்கும். நோயாளியின் சதையில் இல்லாத ஆஸ்பர்ஜில்லஸ் குழாயில் தலைகாட்டி, தன்னை நோய்க்காரணமாகக் காட்டிக்கொள்ளும். எனவே சதையே இல்லாத வெறும் மெழுகுக் கட்டியையும் கூடவே சோதிப்பார்கள். மனித மரபணு ஒன்றையும் தேடுவார்கள். அதுவே கிடைக்கவில்லையென்றால் டி.என்.ஏ. கெட்டுவிட்டது என்று பொருள், பூஞ்சை இல்லை என்ற முடிவுக்கு வரக்கூடாது. 2020இல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் குழுக்கள் திருத்திய விதிமுறையும் இதைக் கவனத்தில் கொண்டது. மெழுகுக் கட்டியில் படித்த டி.என்.ஏ. வரிசையை நிரூபணமாக ஏற்க, முதலில் அதே திசுவில் பூஞ்சையை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். எந்த இயந்திரம் வந்தாலும் நோய்க்குறியியல் மருத்துவரின் கண்ணுக்கு ஓய்வில்லை.

படித்த வரிசை உண்மையில் யாருடையது என்ற ஐயத்தை அழகாகத் தீர்த்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. மூக்கினுள் சதை வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ், கண்மாயிலும் ஊருணியிலும் குளிக்கும் வழக்கமுள்ள தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் வெகுகாலமாக இருக்கும் நோய். 1900இல் செபெர் விவரித்த அந்தக் கிருமியை 1923இல் ஆஷ்வொர்த் பூஞ்சை என்றார். பாடநூல்களும் அப்படியே எழுதின. அதை நம்பகமாக வளர்க்க யாராலும் முடியாததால், திசுதான் ஒரே ஆதாரம். 1999இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரத் அர்சகுலரத்னவும் இடம்பெற்ற குழு திசுவிலிருந்து மரபணுவைப் படித்தது. அது பூஞ்சையே அல்ல, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு என்று தெரிந்தது. மறுஆண்டு ஃப்ரெட்ரிக்ஸ் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. அந்த வரிசையோடு மட்டும் ஒட்டும் ஒளிரும் துணுக்கைத் திசுச் சீவலில் விட்டு, அது கிருமியின் மேலேயே போய் ஒட்டுவதையும் காட்டியது.

மைசெட்டோமாவில் முன்னோடி சூடான்தான். மதுரெல்லாவுக்கென்றே தனி பி.சி.ஆர். சோதனையை 1999இல் சூடான், நெதர்லாந்து ஆய்வாளர்கள் வகுத்தனர். பிறகு அதே முறையால் மண்ணிலும் முள்ளிலும் அதன் டி.என்.ஏ.வைக் கண்டனர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2022இல் வந்த பூஞ்சைப் பட்டியலில் இதன் பூஞ்சைகளுக்கு உயர் முன்னுரிமை கொடுத்தது. கார்ட்டூமில் இருந்த மைசெட்டோமா ஆய்வு மையமோ 2023இல் தொடங்கிய போரில் சிதைந்தது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளும் அதோடு போயின. இந்தியாவில் நோய் உண்டாக்கும் பூஞ்சைகளைச் சேமிக்கும் தேசிய வங்கி சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் இருக்கிறது.

நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியது இரண்டு. ஆறாத கால் கட்டிக்குச் சதைச் சோதனை எடுக்கும்போது, ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் உப்புக்கரைசலில் நுண்ணுயிரியல் பிரிவுக்கும் அனுப்பமுடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தேனியிலிருந்தோ மதுரையிலிருந்தோ மேல் சிகிச்சைக்கு வேறு ஊர் போனால், அறிக்கைத் தாளோடு நிற்காமல் பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.